அப்பாவின் ஏசிசி ரிப்போர்ட்டில் மிப்-என்எஃப்ஐபி பாசிட்டிவ். இது கெட்ட ஜீனா?

கேள்வி: 4 பிப்ரவரி 2023

அப்பாவுக்கு 61 வயது. மேலண்ணத்தில் கட்டி. பயாப்ஸியில் அடினாய்ட் சிஸ்டிக் கார்சினோமா என்று வந்தது, உமிழ்நீர்ச் சுரப்பியில் வரும் அபூர்வ வகையாம். ஆபரேஷன் முடிந்து ஆறு வாரம் ஆகிறது. கட்டியை ஜீன் டெஸ்டுக்கும் அனுப்பியிருந்தார்கள். "மிப்-என்எஃப்ஐபி ஃப்யூஷன் பாசிட்டிவ்" என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. இந்த ஜீன் இருந்தால் ரொம்ப நாள் தாங்காது என்று சித்தப்பா எங்கோ படித்துவிட்டு வந்து சொல்கிறார். அம்மா அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: 4 பிப்ரவரி 2023, இரவு

சித்தப்பா படித்தது வேறு எதையோ. மிப் பாசிட்டிவ் என்ற ஒரே காரணத்தால் யாருக்கும் ஆயுள் குறைவதில்லை. முதலில் இதை அம்மாவிடம் போய்ச் சொல்லுங்கள். மீதியை நாளை படித்துக்கொள்ளலாம்.

என் அக்காவுக்கும் இதே நோய். 2014-ல் தாடைக்கு அடியில், இடப்பக்கச் சுரப்பியில் வந்தது. ஒன்பதாவது வருடம் நடக்கிறது. அவள் கட்டியிலும் இதே ஃப்யூஷன்தான்.

மிப் 6-ம் குரோமோசோமில் இருக்கும் ஜீன், என்எஃப்ஐபி 9-ம் குரோமோசோமில். இரண்டும் உடைந்து, துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொள்கின்றன. அப்போது மிப்புக்கு எந்நேரமும் எரியும் சுவிட்ச் ஒன்று கிடைத்துவிடுகிறது. 2009-ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். ஏசிசி வந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களிடம் இது இருக்கும். மிப்பின் உடன்பிறப்பு மாதிரி மிப்எல்-1 என்று ஒரு ஜீன், அது உடைந்திருப்பவர்களும் உண்டு. அந்த விஷயம் 2016-ல் வெளியானது. ஆக, உங்கள் ரிப்போர்ட் இது ஏசிசிதான் என்று உறுதி செய்திருக்கிறது. அது எவ்வளவு வேகமாகப் போகும் என்பதைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை.

5 பிப்ரவரி, காலை

நேற்று விட்டுப்போனது. மார்பகத்திலும் ஏசிசி வரும், ரொம்ப அபூர்வமாக. அங்கேயும் இதே மிப்-என்எஃப்ஐபி உடைப்பு இருக்கிறது. ஆனால் அது வந்த பெண்களில் பத்து வருடம் கழித்தும் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் நலமாக இருக்கிறார்கள். உடைப்பு ஒன்று, போக்கு வேறு. சித்தப்பாவுக்கு இந்த ஒரு பதில் போதும்.

5 பிப்ரவரி, மதியம்

"அப்படியானால் எந்த ஜீனுக்குத்தான் பயப்பட வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். பயப்படச் சொல்லவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய பெயர் நாட்ச்-1.

2017-ல் 102 ஏசிசி நோயாளிகளை வைத்து ஒரு ஆய்வு வந்தது. அவர்களில் 14 சதவீதம் பேரின் கட்டியில் நாட்ச்-1 மியூட்டேஷன் இருந்தது. அது இருந்தவர்களின் இடைநிலை ஆயுள் 30 மாதம், இல்லாதவர்களுக்கு 122 மாதம். நோய் திரும்பி வந்ததும் அப்படித்தான்: அது இருந்தவர்களுக்கு 13 மாதம், இல்லாதவர்களுக்கு 34. பரவும் இடமும் வேறு. ஏசிசி வழக்கமாக நுரையீரலுக்குப் போகும். நாட்ச்-1 இருந்தவர்களுக்குக் கல்லீரலிலும் எலும்பிலும் அதிகமாக வந்திருக்கிறது.

அக்காவின் கட்டியில் நாட்ச்-1 இல்லை என்று வந்த அன்று நானும் அத்தானும் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அழுதோம். நாட்ச் இல்லையென்றால் நிம்மதி.

5 பிப்ரவரி, இரவு

கடைசி வரியை அப்படி எழுதியிருக்கக் கூடாது. எடுக்கவில்லை, இருக்கட்டும். ஆனால் அது தப்பு.

நாட்ச்-1 இல்லாத அக்காவுக்கு ஆறாவது வருடம் இரண்டு நுரையீரலிலும் புள்ளிகள் வந்தன. ஏசிசியில் ஐந்து வருடக் கணக்கு பார்க்க நன்றாகவே இருக்கும். பத்து, பதினைந்து என்று போகப்போக அந்தக் கோடு இறங்கிக்கொண்டே வரும். மற்ற பல புற்றுநோய்களைப் போல ஐந்து வருடம் தாண்டிவிட்டோம் என்று மூச்சுவிட முடியாது. நாட்ச் இல்லை என்றால் மெதுவாகப் போகும் கூட்டத்தில் இருக்க வாய்ப்பு அதிகம். அதற்கு மேல் அந்த வார்த்தை மீது எதையும் ஏற்றக் கூடாது. நாங்கள் ஏற்றினோம். ஸ்கேனைக்கூட ஒருமுறை நான்கு மாதம் தள்ளிப்போட்டோம். இன்றைக்கும் உறுத்துகிறது.

9 பிப்ரவரி

30 மாதம் என்ற எண்ணைப் பார்த்துவிட்டு மூன்று பேர் தனிச்செய்தி அனுப்பியிருக்கிறார்கள். பொதுவிலேயே பதில் எழுதுகிறேன்.

102-ல் 14 சதவீதம் என்றால் சுமார் பதினான்கு பேர். அந்தப் பதினான்கு பேரை ஆயுள்படி வரிசையாக நிறுத்தினால் நடுவில் நிற்பவருக்கு 30 மாதம். பாதிப்பேர் அதைத் தாண்டியவர்கள், எவ்வளவு தாண்டினார்கள் என்று அந்த எண் சொல்லாது. இன்னொன்று, அந்த நாட்களில் யாருடைய கட்டியை ஜீன் பரிசோதனைக்கு அனுப்புவார்கள்? பெரும்பாலும் நோய் திரும்பி வந்து பெரிய மையத்துக்கு மாற்றப்பட்டவர்களுடையதை. அறுவை முடிந்து பதினைந்து வருடம் வீட்டில் நிம்மதியாக இருப்பவரின் பிளாக்கை, அதாவது மெழுகில் பதித்து வைத்த கட்டித் துண்டை, யாரும் தோண்டி எடுப்பதில்லை. அதனால் இந்த எண்களில் நோய் முற்றியவர்களின் பங்கு கூடுதலாக இருக்கும் என்பது என் எண்ணம். முதலில் வந்த கட்டிகளைவிடத் திரும்பி வந்த, பரவிய கட்டிகளில் நாட்ச்-1 அதிகமாகக் கிடைப்பதும் 2019-ல் வெளியான பெரிய தொகுப்பில் தெரிந்தது.

திசை மட்டும் எல்லா ஆய்விலும் ஒன்றுதான். நாட்ச்-1 வேகத்தோடு சேர்ந்து வருகிறது. அதை மறுக்கவில்லை.

9 பிப்ரவரி, பின்னிரவு

தூக்கம் வரவில்லை, விட்ட இடத்திலிருந்து எழுதுகிறேன்.

மைக்ராஸ்கோப்பில் ஏசிசி மூன்று விதமாகத் தெரியும். குழாய் குழாயாக இருந்தால் ட்யூபுலர். சல்லடைக் கண்கள் போலத் தெரிந்தால் கிரிப்ரிஃபார்ம். ஓட்டையே இல்லாமல் செல்கள் அடைத்துக்கொண்டு கிடந்தால் சாலிட். சாலிட் பகுதி 30 சதவீதத்தைத் தாண்டினால் உயர் கிரேடு, அதாவது வேகமான வகை என்பது பழைய கணக்கு. நாட்ச்-1 மியூட்டேஷன் பெரும்பாலும் சாலிட் கட்டிகளில்தான் வருகிறது. எனவே லட்சக்கணக்கில் செலவழித்துச் செய்யும் ஜீன் டெஸ்ட் சொல்வதில் பெரும்பங்கை ஒரு நல்ல பேத்தாலஜிஸ்ட் ஸ்லைடைப் பார்த்தே சொல்லிவிடுவார். ஜீன் ரிப்போர்ட் கைக்கு வரும் முன் அந்த ரிப்போர்ட்டில் சாலிட் எத்தனை சதவீதம், வெட்டிய விளிம்பில் செல் இருக்கிறதா, நரம்பை ஒட்டிப் போயிருக்கிறதா என்று பாருங்கள். இந்த நோய் நரம்பைக் கண்டால் கயிற்றைப் பிடித்து ஏறுவது மாதிரி ஏறும். மேலண்ணம் என்பதால் அப்பாவுக்கு இது முக்கியம். ஆபரேஷனுக்குப் பிறகு ரேடியேஷன் தருவார்கள், அதைத் தட்டிக்கழிக்க வேண்டாம்.

10 பிப்ரவரி

"லட்சக்கணக்கில்" என்று எழுதியதைப் பொருட்படுத்த வேண்டாம். செலவு இடத்துக்கு இடம் மாறும்.

20 பிப்ரவரி

"அப்பாவுக்கு இந்த ஜீன் என்றால் எனக்கும் என் பிள்ளைகளுக்கும் வருமா?"

வராது. இந்த உடைப்பு அப்பா பிறக்கும்போது அவரிடம் இல்லை. சுரப்பியில் ஒரு செல்லில், வாழ்நாளின் நடுவே எப்போதோ நடந்தது. கட்டிக்குள் மட்டும்தான் இருக்கிறது. இரத்தமும் எடுத்தார்களே என்று கலங்க வேண்டாம். கட்டியில் உள்ளதிலிருந்து உடம்பின் இயல்பான ஜீன்களைக் கழித்துப் பார்க்கத்தான் இரத்தம். அக்கா மகள் இதே கேள்வியை மனதிலேயே வைத்துக்கொண்டு ஒரு வருடம் புழுங்கியிருக்கிறாள். யாரிடமும் கேட்கவில்லை. வீட்டில் சிறுசுகள் இருந்தால் அவர்கள் கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே சொல்லிவிடுங்கள்.

3 மார்ச்

இன்னொருவர் தன் மாமியாரின் ரிப்போர்ட்டைத் தட்டச்சு செய்து அனுப்பினார். "நாட்ச்-1 மியூட்டேஷன் கண்டறியப்பட்டது" என்று ஒரே வரி. குடும்பமே இடிந்து போயிருக்கிறது. அந்த ஒரு வரி போதவே போதாது.

நாட்ச் என்பது செல்லின் மேல் நிற்கும் ஒரு புரதம். பக்கத்துச் செல் தொட்டால் அதன் வால் அறுந்து உள்ளே போய்க் கட்டளை கொடுக்கும். தொடாதபோது அறுந்துவிடாமல் இருக்க ஒரு பூட்டு உண்டு. உள்ளே போன வால் வேலை முடிந்ததும் அழிந்துபோக இன்னொரு ஏற்பாடு, பெஸ்ட் என்ற பகுதி. ஏசிசியில் மியூட்டேஷன் இந்தப் பூட்டிலோ பெஸ்ட் பகுதியிலோ விழுந்தால் நாட்ச் நிற்காமல் ஓடும். அதுதான் மோசமானது. வேறு இடத்தில் விழுந்தால் நாட்ச் செயலிழந்தும் போகலாம், ஒன்றும் ஆகாமலும் போகலாம். தலை, கழுத்துப் பகுதியில் வரும் வழக்கமான ஸ்குவாமஸ் புற்றுநோயில் நாட்ச்-1 பெரும்பாலும் செயலிழந்துதான் இருக்கும். அங்கே அது கட்டியைத் தடுக்கும் பக்கம், இங்கே வளர்க்கும் பக்கம். எனவே டாக்டரிடம் "இது நாட்சை முடுக்கிவிடும் வகையா?" என்று கேளுங்கள்.

3 மார்ச், சிறிது நேரம் கழித்து

நாட்ச் என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்று அக்கா கேட்டாள். நாட்ச் என்றால் வெட்டு. நூறு வருடத்துக்கு முன் மார்கன் என்ற மரபியல் ஆய்வாளரின் ஆய்வகத்தில் இறகோரத்தில் வெட்டு விழுந்த பழ ஈக்களைப் பார்த்து வைத்த பெயர். மிப் என்ற பெயர், கோழிக்கு இரத்தப் புற்று உண்டாக்கும் வைரஸிலிருந்து வந்தது. "ஈ, கோழி எல்லாம் சேர்ந்து என் கழுத்தில் உட்கார்ந்திருக்கிறது" என்றாள். வெகுநாள் கழித்து அன்று சிரித்தாள்.

18 மார்ச்

வேறொருவர்: "சி-கிட் பாசிட்டிவ் என்று இருக்கிறது. அதற்கு மாத்திரை இருக்கிறதாமே?"

கிட் புரதத்தைத் தடுக்கும் இமாட்டினிப்பைச் சொல்கிறீர்கள். ஏசிசியில் கிட் புரதம் சாயத்தில் பளிச்சென்று தெரியும், ஆனால் அந்த ஜீன் பெரும்பாலும் பழுதாகியிருக்காது. இமாட்டினிப் கொடுத்துப் பார்த்த சோதனைகளில் கட்டி சுருங்கவில்லை. எங்களுக்கும் ஒரு டாக்டர் இதை எழுதிக்கொடுக்க இருந்தார், இன்னொருவர் தடுத்தார். என்டிஆர்கே என்ற இன்னொரு ஜீனுக்கான மாத்திரையைப் பற்றிக் கேட்டவருக்கும் இதோடு சொல்லிவிடுகிறேன். அது செக்ரெட்டரி கார்சினோமா என்ற வேறு உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டிக்கு. அங்கே அது நன்றாக வேலை செய்யும். ஏசிசிக்குப் பொருந்தாது.

18 மார்ச், மாலை

இதையும் சொல்லாமல் விட மனசில்லை. பழைய கட்டுரைகளில் "இந்த மருந்து ஏசிசி செல்களைக் கொன்றது" என்று படித்து நம்பிக்கையோடு வருகிறார்கள். ஆய்வகங்களில் வருடக்கணக்காக ஏசிசி என்று நம்பி வளர்த்த ஆறு செல் வகைகளை 2009-ல் சோதித்தபோது ஒன்றுகூட ஏசிசி இல்லை என்று தெரிந்தது. சிலவற்றில் இருந்தது கருப்பைவாய்ப் புற்றிலிருந்து வந்த ஹீலா செல்கள். எலியின் செல்களும் இருந்தன. அதற்குப் பிறகும் அந்தச் செல்களை வைத்துக் கட்டுரைகள் வந்தன. நான் 2015-ல் அப்படி ஒன்றை அச்செடுத்துக்கொண்டுபோய் டாக்டர் மேசையில் வைத்தேன். என்ன செல் என்று பார்க்காமல் எதையும் கொண்டுபோகாதீர்கள்.

2 ஜூன்

அப்பாவின் ரேடியேஷன் முடிந்தது என்று எழுதியிருந்தீர்கள். வாய் வறண்டு, ருசி போய், ஆனாலும் சாப்பிடுகிறார் என்று படித்தபோது நிம்மதியாக இருந்தது.

முழு ரிப்போர்ட்டும் பார்த்தேன். சாலிட் 10 சதவீதத்துக்குக் கீழே, நாட்ச்-1 இல்லை, பி63 என்ற புரதம் வலுவாக இருக்கிறது. கடைசி விஷயம் என்ன என்று கேட்டீர்கள். 2021-ல் ஒரு குழு ஏசிசியை இரண்டாகப் பிரித்தது. முதல் வகையில் மிக் என்ற ஜீன் ஓங்கியிருக்கும், நாட்ச் மியூட்டேஷன்களும் அங்கேதான் குவியும். இரண்டாவதில் பி63 ஓங்கியிருக்கும். அவர்கள் பார்த்தவர்களில் 37 சதவீதம் முதல் வகை, 63 சதவீதம் இரண்டாவது. இடைநிலை ஆயுள் முதல் வகைக்கு 3.4 வருடம், இரண்டாவதுக்கு 23.2 வருடம். இவ்வளவு பெரிய இடைவெளியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. நல்ல விஷயம், மிக், பி63 இரண்டின் அளவைப் பார்த்தாலே பிரித்துவிடலாம் என்கிறார்கள். பி63 சாயம் பல பேத்தாலஜி லேபுகளில் அன்றாடம் போடுவதுதான்.

ஏன் இப்படி என்பதற்கு 2016-ல் வந்த விளக்கம் எனக்குப் பிடித்தது. ஏசிசியில் இரண்டு வகைச் செல் உண்டு. குழாயின் உட்பக்கம் இருப்பவற்றில் மிப் நாட்சோடு சேர்ந்து வேலை செய்கிறது, வெளிப்பக்கம் சுற்றி நிற்பவற்றில் பி63-யோடு. வெளிச்செல்கள் குறைந்து உட்செல்கள் மட்டும் பெருகினால் அதுதான் சாலிட் என்று நான் புரிந்துகொண்டிருக்கிறேன். பிப்ரவரியில் மிப்புக்கும் வேகத்துக்கும் சம்பந்தமில்லை என்கிற தொனியில் எழுதியிருந்தேன். மிப் இருப்பதால் மட்டும் வேகம் தெரியாது என்பது சரி. மிப் யாரோடு கூட்டு வைக்கிறது என்பதில் வேகம் இருக்கிறது. இதையும் அந்தக் குறிப்போடு சேர்த்துப் படியுங்கள்.

உங்கள் அப்பா எந்தப் பக்கம் என்று உங்களுக்கே தெரியும். சந்தோஷப்படுங்கள். வருடாவருடம் மார்பு ஸ்கேனை மட்டும் விடாதீர்கள். நாங்கள் விட்டோம்.

11 நவம்பர்

நுரையீரல் புள்ளிகளுக்கு என்ன வைத்தியம் என்று கேட்டவருக்கு: அக்காவுக்கு மூன்று வருடம் ஒன்றுமே செய்யவில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு சிடி, அவ்வளவுதான். மில்லிமீட்டர் கணக்கில் வளரும் கட்டிக்கு மருந்து கொடுத்து அலுப்பும் வயிற்றுப்போக்கும் வாங்குவதில் லாபமில்லை என்றார் டாக்டர். வேகம் எடுத்தால் லென்வாட்டினிப் போன்ற மாத்திரைகள் உண்டு. 2019-ல் வந்த சோதனையில் 32 பேரில் 5 பேருக்குக் கட்டி நன்றாகச் சுருங்கியது, 24 பேருக்கு வளராமல் நின்றது. இம்யூனோதெரபி இந்த நோயில் பெரிதாக எடுபடவில்லை. ஏசிசியில் மியூட்டேஷன்களே ரொம்பக் குறைவு என்பதால் எதிர்ப்புச் சக்தியின் கண்ணில் அது படுவதில்லை என்பது ஒரு காரணம்.

12 நவம்பர்

இந்த முறை ஸ்கேனில் வலப்பக்கம் ஒரு புள்ளி மட்டும் எட்டு மில்லிமீட்டர் கூடியிருக்கிறது. மற்றவை அப்படியே. ஊசி போட்டு எடுக்கப்போகிறார்கள்.

6 ஜனவரி 2024

ரிப்போர்ட் வந்துவிட்டது. அந்தப் புள்ளியில் சாலிட் வடிவம். நாட்ச்-1 மியூட்டேஷன் இருக்கிறது, பூட்டுப் பகுதியில்.

2014-ன் பிளாக்கை மறுபடி பார்க்கச் சொன்னேன். அதில் இப்போதும் இல்லை. அன்றைய ரிப்போர்ட் பொய் சொல்லவில்லை. வழியில் எங்கோ ஒரு செல் மாறி, அதன் வம்சம் பெருகியிருக்கிறது. பக்கத்தில் உள்ள மற்ற புள்ளிகள் பழைய மெதுவான வம்சமாகவே இருக்கலாம். ஒரே நுரையீரலுக்குள் இரண்டு போக்கு.

பிப்ரவரியில் 30 மாதம் பற்றி உங்களுக்கெல்லாம் விளக்கம் எழுதியவள், ரிப்போர்ட் வந்த இரவு 2026 ஜூன், ஜூலை என்று விரல்விட்டு எண்ணினேன். எழுதிய ஒவ்வொரு வாக்கியமும் சரி என்று தெரிந்தும் எண்ணினேன். இன்று பகலில் அந்தக் குறிப்பை நானே திரும்ப வாசித்தேன். அந்த 30 மாதம் எங்கிருந்து எண்ணத் தொடங்குவது? அந்த மியூட்டேஷன் அக்காவின் உடம்பில் எப்போது பிறந்தது என்று யாருக்குத் தெரியும்? பத்து வருடம் வாழ்ந்த பிறகு நாட்ச்-1 வந்தவளுக்கு அந்த ஆய்வில் இடமே இல்லை.

அக்காவிடம் சொல்லிவிட்டேன், எண்ணைத் தவிர. அவளும் கேட்கவில்லை.

14 ஜனவரி

இப்போது யோசித்தால் இன்னொரு கதவும் இதில் இருக்கிறது. நாட்ச் ஓடிக்கொண்டிருப்பவர்களுக்கு அதை நிறுத்தும் மருந்துகளைச் சோதித்து வருகிறார்கள். 2017 ஆய்விலேயே நாட்ச்-1 ஆன்டிபாடி கொடுத்த ஒருவருக்குக் கட்டி சுருங்கிய விவரம் இருந்தது. வால் அறுவதைத் தடுக்கும் காமா-செக்ரட்டேஸ் தடுப்பிகளும் உண்டு. ஒரு சிறு பங்கினரில்தான் சுருங்கியிருக்கிறது, வயிற்றுப்போக்கு கடுமையாக இருக்கும் என்கிறார்கள். நாட்ச்-1 இல்லாத பழைய ரிப்போர்ட்டோடு போயிருந்தால் அந்த வரிசையில் அவளை நிற்கவே விட்டிருக்க மாட்டார்கள். நோய் புதிதாக வேகமெடுத்தால் பழைய ரிப்போர்ட்டை நம்பி இருக்காமல், வளர்கிற கட்டியிலிருந்தே புதிதாக எடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். ஜூனில் உங்களுக்கு எழுதியபோது இது எனக்குத் தெரியாது.

15 ஜனவரி

டிரையல் நடத்தும் இடத்தில் விசாரித்தேன். மியூட்டேஷன் நாட்சை முடுக்கிவிடும் வகை என்பதற்கு எழுத்தில் உறுதி வேண்டும், கூடவே ஊசியில் எடுத்த திசுவும் வேண்டும் என்கிறார்கள். எங்கள் லேபில் அந்த பிளாக் மிச்சம் இருக்கிறதா என்று திங்கள்கிழமை கேட்கவேண்டும்.

15 ஜனவரி, இரவு

இன்றைக்கே திங்கள்தான். காலையில் போன் செய்துவிட்டேன். இருக்கிறது, ஒரு விரல்நகம் அளவு.